துணிக்கு ஏற்ற முனை, நூலுக்கு ஏற்ற காது

கடையில் போய் "மெஷின் ஊசி ஒரு பாக்கெட்" என்று கேட்டால் பெரும்பாலும் 16 நம்பரை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நாமும் வாங்கி வந்து அதே ஊசியில் ரூபியா பிளவுஸ் தைப்போம், ஷிஃபான் புடவைக்கு ஃபால்ஸ் அடிப்போம், பையனின் ஜீன்ஸையும் மடித்துத் தைப்போம். ஷிஃபானில் நூல் இழுக்கும். ஜீன்ஸில் ஊசி உடையும். உடனே மெஷின் சரியில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவோம். அவர் வந்து நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷனைத் திருகுவார், அடியில் நூலைப் பிடிக்கும் ஷட்டிலைக் கழற்றித் துடைப்பார், போகிற போக்கில் ஊசியையும் மாற்றிவிட்டுப் போவார். மெஷின் ஓட ஆரம்பித்துவிடும். எதனால் ஓடியது என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

நான் பெங்களூரில் அல்சூரில் இருக்கிறேன். முன்பு பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் லைனில் தைத்தேன். இப்போது வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன், சாயங்காலம் தெருப் பெண்கள் சிலருக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். அளவெடுப்பதற்கும் கத்தரிக்கோல் பிடிப்பதற்கும் முன்பே அவர்களிடம் ஊசியைப் பற்றித்தான் பேசுவேன். ஒரு டீ விலைக்குள் கிடைக்கும் சாமான் அது. ஆனால் ஆயிரக்கணக்கில் விலை போட்டு வாங்கின பட்டைக் கெடுக்கவும் அதனால் முடியும், காப்பாற்றவும் முடியும்.

முதலில் உங்கள் மெஷினுக்கு எந்த ஊசி பொருந்தும் என்று தெரிந்துகொள்ளுங்கள். இப்போது மெஷினில் இருக்கும் ஊசியைக் கழற்றி அதன் தடித்த மேல்பகுதியைப் பாருங்கள். ஒரு பக்கம் சீவிவிட்டதுபோல் தட்டையாக இருந்தால் அது வீட்டு மெஷின் ஊசி. பாக்கெட்டில் ஹெச்.ஏ. x 1 என்றோ 15 x 1 என்றோ 130/705 ஹெச் என்றோ போட்டிருக்கும். மூன்றும் ஒரே ஊசிதான், கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறுகிறது. காலால் மிதிக்கும் கறுப்பு மெஷின் பலவற்றிலும், பூ வேலையெல்லாம் செய்யும் வெள்ளை ஜிக்ஜாக் மெஷினிலும் இதுதான் வரும். மேல்பகுதி முழுக்க உருண்டையாக இருந்தால் அது கார்மென்ட்ஸில் ஓடும் பவர் மெஷினின் ஊசி. ஜூக்கி மாதிரி சாதாரண ஒற்றை ஊசி மெஷினுக்கு டி.பி. x 1 என்று கேட்க வேண்டும். ஓவர்லாக் மெஷினின் ஊசி வேறு. ஒன்றை மற்றொன்றில் போட்டால் சில சமயம் நுழைந்துவிடும், ஆனால் உயரம் மாறிவிடுவதால் தையல் விழாது, ஷட்டிலில் இடிக்கும். சந்தேகமாக இருந்தால் பழைய ஊசியை ஒரு காகிதத்தில் குத்திக் கடைக்கு எடுத்துப் போங்கள். சிக்பேட்டையில் மெஷின் சாமான் விற்கிறவர்களிடம் எந்தப் பாஷையில் பேசினாலும் இந்த ஊசியைக் காட்டினால் போதும்.

அடுத்தது நம்பர். பாக்கெட்டில் 90/14 என்று இரண்டு எண் இருக்கும். 90 என்பது ஊசித் தண்டின் கனம். ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் அதில் 90 பங்கு, அதாவது 0.9 மில்லிமீட்டர். 14 என்பது பழைய சிங்கர் கணக்கு, நம் கடைகளில் பேச்சில் இருப்பது இதுதான். 65-க்கு 9, 75-க்கு 11, 80-க்கு 12, 90-க்கு 14, 100-க்கு 16, 110-க்கு 18. எண் ஏற ஏற ஊசி கனமாகும். காதும் பெரிதாகும், இதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. நம்பரைத் துணியின் கனம் மட்டும் தீர்மானிப்பதில்லை, நூலுக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு. முனையைத் துணியின் நெசவு தீர்மானிக்கும். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். மீதி எல்லாம் இதிலிருந்து வருவது.

தையல் எப்படி விழுகிறது என்று ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் இது தானாகவே விளங்கும். கைத்தையல் ஊசிக்குக் காது பின்னால் இருக்கும். மெஷின் ஊசிக்குக் காது முனைக்குப் பக்கத்தில். 1846-இல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோ காப்புரிமை வாங்கிய மெஷினிலேயே ஊசி இப்படித்தான் இருந்தது. ஊசியை விரல்களுக்கு நடுவில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் மேலிருந்து காது வரை ஒரு நீளப் பள்ளம் ஓடும். நூல் அந்தப் பள்ளத்துக்குள் ஒடுங்கிக்கொண்டு துணியில் உரசாமல் கீழே இறங்குகிறது. பின்பக்கம், காதுக்குச் சற்று மேலே, கரண்டியால் எடுத்ததுபோல் சின்னக் குழிவு இருக்கும்.

இப்போது மெஷினில் அடிநூல் சுற்றிய பாபின் இருக்கும் இடத்தின் மூடியைத் திறந்து வைத்து, கைச்சக்கரத்தை மெதுவாக உங்கள் பக்கம் சுற்றுங்கள். ஊசி அடிவரை இறங்கி மேலே வரத் தொடங்கும் அந்தக் கணத்தைப் பாருங்கள். பள்ளத்தில் இருக்கும் நூல் ஊசியோடு மேலே வந்துவிடும். பின்பக்கத்து நூலைத் துணி பிடித்து வைத்துக்கொள்வதால் அது வர முடியாமல் குழிவுக்குப் பக்கத்தில் சின்ன வளையமாகப் புடைக்கும். ஷட்டிலின் கொக்கி முனை சரியாக அந்த நேரத்தில் அந்த வளையத்துக்குள் நுழைந்து நூலைப் பிடித்து, பாபினைச் சுற்றிக் கொண்டுபோகும். ஒரு தையல் ஆகிவிட்டது. வளையம் விழவில்லை என்றால் கொக்கி வெறுங்கையோடு சுற்றும். தையல் விடுகிறது என்று நாம் சொல்வது இதைத்தான்.

வளையம் ஏன் விழாமல் போகும்? ஊசி வளைந்திருந்தால் குழிவு கொக்கியிடமிருந்து விலகிப்போகும். ஊசி நூலுக்குச் சின்னதாக இருந்தால் நூல் பள்ளத்தில் அடங்காது. ஊசி மிகப் பெரிதாக இருந்தால் துணியில் போட்ட ஓட்டையும் பெரிதாகி, நூலைப் பிடித்து வைக்கத் துணிக்கு வழி இருக்காது. லைக்ரா மாதிரி இழுபடும் துணியாக இருந்தால் ஊசி மேலே வரும்போது துணியும் அதோடு சேர்ந்து எழும்பிவிடும், நூல் நிற்பதற்கு அவகாசமே கிடைக்காது. இந்த நாலும் டென்ஷனைத் திருகிச் சரியாக்கக்கூடிய விஷயம் இல்லை.

சரி, துணிக்கு வருவோம்.

பருத்தி சுலபம். ரூபியா, பாப்ளின், கேம்ப்ரிக், காட்டன் சுடிதார் எல்லாவற்றுக்கும் சாதாரண ஊசியே போதும். ஒற்றை மடிப்பில் மெல்லிய காட்டனுக்கு 11, லைனிங் வைத்த பிளவுஸுக்கு 14. கைக்குழியில் லைனிங், மேல்துணி, கை எல்லாம் சேர்ந்து கனமாகும் இடத்திலும் 14 தாங்கும். ஜூன் மாதம் வந்தால் ஸ்கூல் யூனிஃபார்ம் வரும். டெரிகாட்டன் சட்டைக்கு 14, பேன்ட்டுக்கும் பாக்ஸ் ப்ளீட் வைத்த பாவாடையின் இடுப்புப் பட்டிக்கும் 16.

பட்டில்தான் நிதானம் வேண்டும். பெங்களூரில் பிளவுஸ் தைக்கிறவர்களுக்கு வரமகாலட்சுமி நோன்புக்கு முன்னால் வரும் வாரங்கள் எப்படி இருக்கும் என்று தெரியும். கன்னடக்காரர்கள் மைசூர் சில்க்கும், நம்மவர்கள் காஞ்சிபுரமும் கொண்டுவருவார்கள். மைசூர் சில்க் என்றால் 1912-இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் மைசூரில் தொடங்கிய ஆலையின் சரக்கு, இப்போது அரசு நிறுவனம் நடத்துகிறது. அது கிரேப் பட்டு. நூலை நன்றாக முறுக்கேற்றி நெய்வார்கள், அதனால்தான் அந்தத் துணி அப்படிக் குழைந்து விழுகிறது. அப்படிப்பட்ட துணியில் முனை மழுங்கின ஊசி இறங்கினால் இழைகளுக்கு நடுவே நுழையாது. ஒரு இழையைக் கவ்விக்கொண்டு இறங்கும். தையலிலிருந்து பக்கவாட்டில் மூன்று நான்கு அங்குலத்துக்கு ஒரு கோடு ஓடிவிடும். ஒரே நிறத் துணி, அதிலும் நல்ல பளபளப்பு, வெளிச்சத்தில் திருப்பினால் அந்தக் கோடு தனியாகத் தெரியும். நகத்தால் நீவினாலும் ஆவி காட்டினாலும் முழுதாகப் போகாது.

ஆகவே கிரேப், சாட்டின், ஜார்ஜெட், ஷிஃபான், ஆர்கன்சா எல்லாவற்றுக்கும் புது ஊசி. பாதி தேய்ந்ததை இதற்குப் போட வேண்டாம். நம்பர் 9 அல்லது 11. மைக்ரோடெக்ஸ் என்று போட்ட ஊசி கிடைத்தால் அதுவே நல்லது, அதன் முனை மெலிந்து கூராக இருக்கும். கடையில் இல்லை என்றால் ஆன்லைனில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பட்டு தைக்கும்போது மட்டும் மாற்றினால் ஒரு பாக்கெட் நிறைய நாள் வரும். நூலும் மெல்லியதாக இருக்க வேண்டும். கனமான ஊசியும் கனமான நூலும் சேர்ந்து நெருக்கமான நெசவுக்குள் நுழைந்தால் இழைகள் ஒதுங்க இடமில்லாமல் தையல் ஓரம் முழுக்கச் சுருங்கிக்கொள்ளும். இஸ்திரி போட்டால் போய்விடும் என்று சொல்வார்கள். முதல் துவைப்பில் திரும்ப வந்துவிடும்.

மெல்லிய துணியைத் தைக்கத் தொடங்கும்போது ஊசி இறங்கும் தகட்டு ஓட்டைக்குள் மெஷின் அதை விழுங்குவதும் உண்டு. ஜிக்ஜாக் மெஷினில் அந்த ஓட்டை அகலமாக இருப்பதால் இது அதிகம் நடக்கும். மெல்லிய வெள்ளைக் காகிதத்தைத் துணிக்கு அடியில் வைத்துத் தைத்துவிட்டு அப்புறம் கிழித்து எடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். தொடங்கும்போது மேல் நூல், பாபின் நூல் இரண்டின் நுனியையும் பின்பக்கம் விரலால் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

காஞ்சிபுரம் பிளவுஸில் உடல் பகுதிக்கு 11 போதும். பார்டரும் சரிகையும் வரும் கை மடிப்பில் 14-க்கு மாற்றுவேன். சரிகை என்பது உலோகம். அதன் மேல் ஓடும் ஊசி முனை சீக்கிரம் மழுங்கும். இரண்டு கையும் முடித்த ஊசியை அடுத்த பட்டுக்குப் போடுவதில்லை, லைனிங் தைக்க ஒதுக்கிவிடுவேன். ஆரி வேலை செய்த பிளவுஸ் என்றால் தையல் கோட்டில் விழும் மணிகளை முதலில் சின்னச் சுத்தியலால் தட்டி உடைத்து எடுத்துவிடுங்கள், இழையை அறுக்காமல். மணியின் மேல் ஊசி விழுந்தால் உடைந்த துண்டு முகத்துக்குத்தான் வரும். கண்ணாடி போடாதவர்கள்கூட இந்த வேலைக்கு ஒரு கண்ணாடி மாட்டிக்கொள்வது நல்லது. துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டையும் ஜிப் ஃபுட்டாக மாற்றிக்கொண்டால் மணியை ஒட்டித் தைக்க முடியும்.

டி-ஷர்ட், லெக்கின்ஸ், நைட் பேன்ட் எல்லாம் நெய்த துணி இல்லை, பின்னிய துணி. வளையத்துக்குள் வளையமாகக் கோத்தது. கூர்முனை ஊசி அந்த வளையத்தின் இழையையே குத்தி அறுத்துவிடும். தைத்த அன்று ஒன்றும் தெரியாது. துவைத்துக் காயப்போட்டு நாலு முறை போட்டபின் தையலை ஒட்டி ஊசித்தலை அளவுக்கு ஓட்டைகள் வரிசையாகத் தெரியும், அங்கிருந்து இறங்க ஆரம்பிக்கும். வாடிக்கையாளர் அதைத் துணியின் குறை என்று நினைத்துக்கொள்வார். இதற்குப் பால் பாயிண்ட் ஊசி வேண்டும். முனை மெல்ல உருண்டிருக்கும். இழையைக் குத்தாமல் ஒதுக்கிவிட்டு நடுவில் இறங்கும். சாதாரண டி-ஷர்ட் துணிக்கு 11 அல்லது 12, கனமான ஸ்வெட்ஷர்ட் துணிக்கு 14. பாக்கெட்டில் ஜெர்சி என்று போட்டிருப்பது இதுதான்.

லைக்ரா கலந்து நன்றாக இழுபடும் துணிக்கு ஸ்ட்ரெச் ஊசி என்று தனியாக உண்டு. அதிலும் முனை உருண்டதுதான். கூடவே பின்பக்கக் குழிவை ஆழமாக்கியிருப்பார்கள், கொக்கி நூலுக்கு மிக அருகில் வரும்படி. துணி எழும்பினாலும் சின்ன வளையத்தைக்கூடக் கொக்கி பிடித்துக்கொள்ளும். ஆர்கன் கம்பெனியில் ஹெச்.ஏ. x 1 எஸ்.பி. என்று கேட்டால் இந்த வேலைக்கு ஆகும். பவர் மெஷின் ஊசியில் எஸ்.இ.எஸ். என்றால் லேசாக உருண்ட முனை, எஸ்.யு.கே. என்றால் அதைவிடக் கொஞ்சம் அதிகம் உருண்டது, வெறும் ஆர் என்றால் சாதாரண முனை. கார்மென்ட்ஸில் டி-ஷர்ட் லைனுக்கும் சட்டை லைனுக்கும் ஊசி வேறுவேறாக இருப்பது இதனால்தான்.

ஜீன்ஸ். கீழே மடித்துத் தைக்கும் வேலை எல்லோருக்கும் வரும். ஜீன்ஸ் ஊசியின் தண்டு பலமாகச் செய்தது, எளிதில் வளையாது. 16 போதும், தங்க நிறத்தில் தடித்த நூல் போட்டால் 18. பக்கவாட்டுத் தையல் குறுக்கே வரும் மேட்டில்தான் எல்லாருக்கும் ஊசி உடைகிறது. காரணம் கனம் மட்டும் இல்லை. ஃபுட் மேட்டில் ஏறும்போது முன்பக்கம் தூக்கிக்கொள்கிறது, துணி நகராமல் நிற்கிறது, நாம் பின்னாலிருந்து இழுக்கிறோம். ஊசி துணிக்குள் இருக்கும்போது இழுத்தால் அது வளைந்து தகட்டில் போய்க் குத்தும். முதலில் அந்த மேட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்குங்கள். மேடு வந்ததும் நிறுத்தி, ஃபுட்டின் பின்பகுதிக்கு அடியில் அதே உயரத்துக்கு மடித்த ஒரு துணித் துண்டைச் செருகுங்கள். ஃபுட் மட்டமாகிவிடும். அந்த ஏழெட்டுத் தையலை மிதிக்காமல் கைச்சக்கரத்தைச் சுற்றியே போடுங்கள். தையல் நீளத்தை 3 அல்லது 3.5-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள். வீட்டு மெஷினில் 18-க்கு மேல் போக வேண்டாம், கொக்கிக்கும் ஊசிக்கும் நடுவில் உள்ள இடம் அவ்வளவுதான்.

வெல்வெட்டுக்கு 14, நெட்டுக்கு 11. தோலுக்குத் தனி ஊசி, அதன் முனை சின்ன உளி மாதிரி வெட்டிக்கொண்டு போகும். போட்ட ஓட்டை ஓட்டைதான், பிரித்துத் தைக்க முடியாது. நெருக்கமாகத் தைத்தால் தபால்தலை ஓரம்போல் கிழிந்து வந்துவிடும், 3.5-க்குக் குறையாமல் வையுங்கள். அந்த ஊசியைத் துணியில் போடக்கூடாது, இழைகளை வெட்டிவிடும். ரெக்சின் பைக்கு ஜீன்ஸ் ஊசி 16-ஐயே போடலாம், தையல் நீளமாக.

இனி நூல். கோன் நூலின் அடியில் அல்லது லேபிளில் டிக்கெட் நம்பர் இருக்கும். இங்கே கணக்கு தலைகீழ். நம்பர் ஏற ஏற நூல் மெல்லியது. சட்டைக்கும் பிளவுஸுக்கும் நாம் போடும் பாலியெஸ்டர் நூல் பெரும்பாலும் 120. அதற்கு 11 முதல் 14 வரை ஊசி சரி. 80 டிக்கெட் என்றால் 14 அல்லது 16. ஜீன்ஸ் மேல்தையலுக்கு வரும் 40 டிக்கெட்டுக்கு 16 அல்லது 18. சின்ன டியூப் நூல்களில் எதுவுமே அச்சடித்திருக்காது. அதற்கு நான் சொல்லிக்கொடுக்கும் சோதனை ஒன்று உண்டு.

ஒரு முழத்துக்குக் குறைவாக நூலை வெட்டுங்கள். மெஷினில் மாட்டாத ஊசியில் கோத்து, நூலின் இரண்டு நுனியையும் இரண்டு கையில் இறுக்கிப் பிடியுங்கள். ஒரு கையை உயர்த்தி நூலைச் சரிவாக, 45 டிகிரி அளவுக்குச் சாய்த்து, ஊசியை மேல்நுனிக்குக் கொண்டுபோய் விடுங்கள். தானாக வழுக்கிக்கொண்டு இறங்கினால் ஊசியும் நூலும் பொருத்தம். நடுவில் நின்று நின்று வந்தாலோ இறங்கவே மறுத்தாலோ காது சின்னது, அடுத்த நம்பருக்குப் போங்கள். நூலைத் தொடாததுபோல் சரேலென்று கீழே விழுந்தால் காது பெரிது. வெல்வெட் ஆனாலும் ஷிஃபான் ஆனாலும் இந்தச் சோதனையைச் செய்துவிட்டுத் தையுங்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மேல் நூலின் ஒரே இடம் தையலாகி உட்காருவதற்கு முன் காதுக்குள் முப்பது நாற்பது தடவைக்கு மேல் போய்வருகிறது. காது இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக உரசி, நூல் பஞ்சுபோல் பிரிந்து கடைசியில் அறுந்துவிடும். ஜரி நூலில் இது உடனே தெரியும், மேலே சுற்றியிருக்கும் மினுமினுப்புத் தகடு உரிந்து காதுக்கு மேலே சுருண்டு நிற்கும். ஜரி நூலுக்கு மெட்டாலிக் ஊசி அல்லது டாப்ஸ்டிச் ஊசி வாங்குங்கள், 12 அல்லது 14. காது நீளமாகப் பெரிதாக இருக்கும், பள்ளமும் ஆழம். மேல் டென்ஷனைத் தளர்த்தி மெதுவாகத் தையுங்கள். நூல்கண்டை மெஷின் மேல் மாட்டாமல் சற்றுத் தள்ளி ஒரு டம்ளரில் போட்டு வைத்தால் முறுக்கு விழுவதும் குறையும். எந்தக் காதிலும் நுழையாத தடித்த ஜரி என்றால் அதைப் பாபினில் சுற்றிக்கொண்டு, துணியைத் திருப்பிப் போட்டு உள்பக்கத்திலிருந்து தையுங்கள். ஜரி வெளிப்பக்கம் விழும். பாபின் கேஸின் திருகை அதற்கேற்ப லேசாகத் தளர்த்த வேண்டும். இதற்கென்றே பழைய பாபின் கேஸ் ஒன்றைத் தனியாக வைத்திருப்பது வசதி.

மாட்டும் முறையிலும் கவனம் வேண்டும். ஒவ்வொரு மெஷினுக்கும் திசை மாறும். வெள்ளை மெஷின் பலவற்றில் முன்னாலிருந்து பின்னால் நூல் கோக்க வேண்டும், தட்டைப் பக்கம் பின்னால் இருக்கும். கறுப்பு மெஷினிலும் பவர் மெஷினிலும் பக்கவாட்டில் கோக்கிறோம். எந்த மெஷினானாலும் விதி ஒன்றுதான்: நூல் எந்தப் பக்கத்திலிருந்து காதுக்குள் நுழைகிறதோ அந்தப் பக்கம் நீளப் பள்ளம் இருக்க வேண்டும். குழிவு கொக்கியின் பக்கம். உருண்டைத் தலை ஊசியில் தட்டைப் பக்கம் இல்லாததால் விரல் நகத்தால் பள்ளத்தைத் தடவிப் பார்த்தே மாட்ட வேண்டும். ஊசி மேலே போய் முட்டும் வரை தள்ளிவிட்டுத் திருகை இறுக்குங்கள். ஒரு மில்லிமீட்டர் கீழே நின்றுவிட்டாலும் கொக்கி வளையத்தைத் தவறவிடும்.

எப்போது மாற்றுவது? எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு ஊசி என்று பொதுவாகச் சொல்வார்கள், நல்ல கணக்குதான். ஆனால் துணியைப் பொறுத்து மாறும், சரிகையும் டெரிகாட்டனும் சீக்கிரம் தேய்க்கும். காதால் கேட்டுப் பழகினால் அதைவிடச் சரியாகத் தெரியும். நல்ல ஊசி துணியில் இறங்கும் சத்தம் மெஷின் ஓசைக்குள் அடங்கிவிடும். மழுங்கியது டப் டப் என்று துணியைக் குத்தும் சத்தம் தனியாகக் கேட்கும். அதைக் கேட்டதும் நிறுத்துங்கள். ஊசியைக் கழற்றி, கட்டைவிரல் நகத்தின் மேல் முனையை மெதுவாக இழுங்கள். நகத்தில் கீறல் விழுந்தால் முனை மடிந்திருக்கிறது. பழைய நைலான் துப்பட்டாத் துண்டில் இழுத்தாலும் சிக்கிக் காட்டிக்கொடுக்கும். வளைவு பார்க்க, தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் ஊசியைப் படுக்க வைத்து, கண்ணை அதே மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஊசிக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள இடைவெளி முனை வரை ஒரே சீராக இருக்க வேண்டும். முனைப்பக்கம் ஒடுங்கினாலோ விரிந்தாலோ தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுங்கள். கார்மென்ட்ஸில் உடைந்த ஊசிக்கு ஒரு ரிஜிஸ்டர் இருக்கும். முனை, காதுப் பகுதி, தலை என எல்லாத் துண்டையும் பொறுக்கி அந்தப் பக்கத்தில் செலோ டேப்பால் ஒட்டினால்தான் புது ஊசி கையில் வரும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தப் பண்டிலை அப்படியே மெட்டல் டிடெக்டருக்கு அனுப்புவார்கள். குழந்தைச் சட்டையின் மடிப்புக்குள் ஒரு முனை தங்கிவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வீட்டில் டிடெக்டர் இல்லை, ஒரு காந்தம் போதும். துணி மேலும், பாபின் இருக்கும் குழிக்குள்ளும் காட்டுங்கள். துண்டு ஷட்டிலுக்குள் விழுந்திருந்தால் அதோடு ஓட்டும்போது ஷட்டில் கீறிப்போகும், அப்புறம் எந்தப் புது ஊசி போட்டாலும் நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

வாங்கும்போது பெயர் தெரிந்த கம்பெனியாக வாங்குங்கள். ஜப்பானின் ஆர்கன், ஜெர்மனியின் ஷ்மெட்ஸ், குரோஸ்-பெக்கர்ட் இந்த வேலையில் நூறு வருஷத்துக்கு மேல் இருப்பவர்கள். குரோஸ்-பெக்கர்ட்டுக்கு சண்டிகரிலும் தொழிற்சாலை உண்டு. பாக்கெட்டில் அச்சு மங்கலாக இருந்தால், எழுத்துப்பிழை இருந்தால், ஊசித் தலையில் நம்பர் பொறிக்காமல் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். மலிவு ஊசியின் காது உள்பக்கம் வழவழப்பாக இருக்காது, புதிதாக மாட்டின அன்றே நூலை அறுக்கும். தங்க நிறப் பூச்சு போட்ட ஊசிகளும் வருகின்றன. பூச்சு டைட்டேனியம், சீக்கிரம் தேயாது. நாள் முழுக்க டெரிகாட்டனும் ஜீன்ஸும் தைக்கிறவர்களுக்கு அந்தக் கூடுதல் காசு தகும், வீட்டுத் தையலுக்கு அவசியமில்லை.

என்னுடைய டப்பாவில் எப்போதும் இருப்பவை: சாதாரண ஊசி 11, 14, 16, பட்டுக்கு மைக்ரோடெக்ஸ் 9, 11, பால் பாயிண்ட் 11, 14, ஸ்ட்ரெச் 11, ஜீன்ஸ் 16, ஜரிக்கு டாப்ஸ்டிச் 14. புதிதாகத் தைக்கத் தொடங்குகிறவர் இவ்வளவும் வாங்க வேண்டாம். சாதாரணம் 11, 14, 16, பால் பாயிண்ட் 11, இந்த நாலு பாக்கெட்டில் வீட்டு வேலை முக்கால்வாசி முடிந்துவிடும். பாதி பயன்படுத்திய ஊசியை எடுத்து வைக்க, ஒரு பழைய பின்குஷனில் மார்க்கர் பேனாவால் கட்டம் போட்டு ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதிக்கொள்ளுங்கள். தலையில் பொறித்திருக்கும் நம்பர் வயசான கண்ணுக்குத் தெரியாது, போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். மெஷினில் எந்த ஊசி இருக்கிறது என்பதை ஒரு சீட்டில் எழுதி மெஷின் தலையில் ஒட்டிவிட்டால், பத்து நாள் கழித்து உட்காரும்போது தேட வேண்டியதில்லை.

மழைக்காலத்தில் பெங்களூர் ஈரத்துக்கு ஊசி துருப்பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளித் துரு இருந்தாலும் வெள்ளைத் துணியில் தையல் நெடுகப் பழுப்புப் புள்ளி விழும். பாக்கெட்டை ஒரு மூடி போட்ட டப்பாவில், புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். எண்ணெய் தடவி வைத்த ஊசி என்றால் முதலில் ஒரு கழிவுத் துணியில் நாலு வரி ஓட்டிவிட்டு அப்புறம் நல்ல துணிக்கு வாருங்கள்.

தேய்ந்ததையும் உடைந்ததையும் குப்பைக் கூடையில் அப்படியே போடாதீர்கள். காலையில் வண்டியோடு வரும் பௌரகார்மிகர்கள் கையால்தான் குப்பையைப் பிரிக்கிறார்கள். காலி மாத்திரை டப்பா ஒன்றில் சேர்த்து வந்து, நிறைந்ததும் மூடியை டேப் போட்டு ஒட்டி, உள்ளே ஊசி என்று கன்னடத்திலும் தமிழிலும் மேலே எழுதி, அவர்கள் கையில் தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.